ஆறு வயது மகளைக் கிரிக்கெட் பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா, இன்னும் சில ஆண்டுகள் நம்மோடே ஆடவிடலாமா?

கோரிமேட்டுத் தந்தை:

அனைவருக்கும் வணக்கம். சேலத்துப் பெற்றோர் பலர் இங்கே எழுதுவதால் என் கேள்வியையும் இங்கேயே வைக்கிறேன். எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். பள்ளி நாளிலிருந்தே டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி வருகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு மைதானத்தில் இறங்காவிட்டால் அந்த வாரமே எனக்கு ஓடாது. இந்த ஆட்டத்தால் எனக்குக் கிடைத்த நட்பும் உடல்நலமும் மனத்தெம்பும் என் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

மகள் ஞாயிறுதோறும் என்னோடு வந்துவிடுவாள். ஆனால் மட்டையைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குமேல் பிடிக்க மாட்டாள். அவளுக்குப் பிடித்த இடம் ஸ்கோர் எழுதுகிறவரின் பக்கம். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும், ஓட்டம் எடுத்தால் எண் எழுத வேண்டும் என்று கற்றுக்கொண்டு, ஆறு பந்து முடிந்ததும் விரல் மடக்கிக் கூட்டி, அவர் சொல்வதற்குமுன் தான் சொல்லிவிட வேண்டும் என்று துடிப்பாள். மகன் கையில் எது கிடைத்தாலும் எறிவான். பந்து கட்டிலுக்கடியில் போனால் தவழ்ந்து போய் எடுத்து வந்து மறுபடியும் எறிவான்.

அண்மையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தபோது, ஆறு வயதே தாமதம்தான், வாரத்தில் ஐந்து நாள் அனுப்பினால்தான் பிற்காலத்தில் மாவட்ட அணியை எட்ட முடியும் என்றார்கள். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. எனக்கோ, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய காலம் என்னால் வீணாகிவிடுமோ என்ற கவலை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓமலூர் உடற்கல்வி ஆசிரியர்:

ஐயா, உங்கள் மகளுக்கு எந்தக் காலமும் கடந்துபோகவில்லை. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்பது பத்து வயதுவரை ஒரு குழந்தைக்குத் தேவையானது கிரிக்கெட்டோ கபடியோ அல்ல. ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், உருளுதல், ஒற்றைக் காலில் நிலைகொள்ளுதல் ஆகியவைதாம். நொண்டியும் பாண்டியும் பச்சைக்குதிரையும் கிட்டிப்புள்ளும் இவற்றையெல்லாம் கேட்காமலே கற்றுக்கொடுத்தன. தெருவில் வண்டிகள் பெருகிவிட்டதால் அந்த ஆட்டங்கள் குறைந்துவிட்டன. அந்த இடத்தை இன்று பெற்றோர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் மகள் மட்டையை ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுவது ஆர்வக் குறைவால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த மட்டையின் எடையையும், நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் பந்தைப் போடுகிறீர்கள் என்பதையும் முதலில் பாருங்கள். பெரியவர்களின் ஆடுகளம் 22 கெஜம், அதாவது சுமார் 20 மீட்டர். ஆறு வயதுக் குழந்தைக்கு அதில் பாதியே அதிகம். உலகம் முழுவதும் சிறுவர்களுக்காக ஆட்டத்தையே சுருக்கித்தான் வைத்திருக்கிறார்கள். சிறுவர் கூடைப்பந்தில் வளையம் 3.05 மீட்டருக்குப் பதிலாக 2.60 மீட்டரில் இருக்கிறது. டென்னிஸில் தொடக்க நிலைக் குழந்தைகளுக்கென்றே சிவப்புப் பந்து உண்டு. அது வழக்கமான பந்தைவிட ஏறக்குறைய 75 விழுக்காடு மெதுவாக வரும். பந்து வரும் வழியைக் கண் பின்தொடரக் கற்றுக்கொள்வதற்கு அந்த அவகாசம் தேவைப்படுகிறது. வேகமாக வரும் பந்தைத் தொடர்ந்து தவறவிடும் குழந்தை, "எனக்கு வராது" என்ற முடிவுக்கு வந்துவிடும். அந்த முடிவை மாற்றுவது பிறகு மிகவும் கடினம்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பெரிய, மெத்தென்ற பந்து ஒன்றை எடுத்து, தரையில் ஒருமுறை குதித்து வரும்படி மகளிடம் போடுங்கள். பிடிக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, இரு கைகளையும் மார்போடு சேர்த்து அணைத்துப் பிடிக்கிறாளா என்று கவனியுங்கள். முகம் திரும்பினால் பந்து இன்னும் அவளுக்கு அச்சமாகவே இருக்கிறது என்று பொருள். விரல்களால் பிடிக்கத் தொடங்கும்வரை பந்தைச் சிறிதாக்க வேண்டாம். எறியும்போதும் காலைப் பாருங்கள். வலக்கையால் எறியும் சிறுகுழந்தை வலக்காலையே முன்வைக்கும். சில மாதங்களோ ஓராண்டோ கழித்து இடக்கால் தானாக முன்னே வரும், இடுப்பும் சேர்ந்து திரும்பும். அதைத் திருத்த அவசரப்பட வேண்டியதில்லை. எறிவதற்கு நிறைய வாய்ப்பு கிடைத்தாலே போதும்.

நம் மாவட்டத்துக்காரர், வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, ஏறக்குறைய 20 வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். 2015இல் தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார்; 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என்று மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஆறு வயதே தாமதம் என்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை வணிகர்:

ஆசிரியர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் மாறுபடுகிறேன். நடராஜன் முறையான பயிற்சி கிடைக்காததால் உயர்ந்தவர் அல்லர், கிடைக்காதபோதும் உயர்ந்தவர். அவரைப் போலவே திறமை இருந்தும் கைதூக்கிவிட ஆளில்லாமல் டென்னிஸ் பந்தோடே நின்றுபோனவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்? அந்தக் குறையை அவரே உணர்ந்திருப்பதால்தான் சொந்த ஊரில் மைதானம் அமைத்து 2023இல் திறந்தார் என்று நான் எண்ணுகிறேன். வசதியும் ஆர்வமும் உள்ள தந்தை, பிள்ளைக்கு நல்ல பயிற்சியைத் தள்ளிப்போடுவது சரியாகப்படவில்லை.

சதுரங்கத்தைப் பாருங்கள். குகேஷ் ஏழு வயதில் ஆட்டத்தைக் கற்று, 12 வயதில் கிராண்ட்மாஸ்டராகி, 2024இல் 18 வயதில் உலக வாகையர் ஆனார். ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றிலும் இளமையிலேயே தொடங்குகிறார்கள். நல்ல பயிற்சியாளர் என்றால் குழந்தையை வாட்டுகிறவர் என்று நாமாக ஏன் முடிவு செய்ய வேண்டும்? என் மகன் ஐந்து வயதில் நீச்சலில் சேர்ந்தான். நேரம் தவறாமையும், சொன்னதைக் கவனித்துக் கேட்கும் பழக்கமும் அங்கிருந்துதான் அவனுக்கு வந்தன.

ஏற்காட்டு இல்லத்தரசி:

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி எழுகிறது. இங்கே சமதரை கிடைப்பதே அரிது. மழைக்காலத்தில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். பயிற்சி மையம் வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு வர வேண்டும். அதனால் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது நாங்கள் என்ன செய்கிறோமோ அதுவாகவே அமைந்துவிடுகிறது.

என் கணவர் காலையில் ஓடுகிறவர். வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் மலையேறத் தொடங்கும் முன்பே ஓடி முடித்துவிடுவார். எங்கள் மகனை அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்பா எங்கே போகிறார், ஏன் வியர்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார் என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவனே காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். காப்பித் தோட்டத்து வழியில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக இருக்கும், மிளகுக்கொடி படர்ந்திருக்கும். "ஒரு மரம் ஓடலாம், ஒரு மரம் நடக்கலாம்" என்பதுதான் அவர்களுடைய ஒப்பந்தம். எந்த மரத்தில் நிற்பது என்பதை மகன்தான் சொல்ல வேண்டும், அப்பா சொல்லக்கூடாது. சில நாள் மூன்றாவது மரத்திலேயே போதும் என்பான். அவரும் ஒரு சொல் பேசாமல் நடந்து வருவார். இப்போது எட்டு வயதாகிறது, ஏரிவரை ஓடுகிறான். அவனைப் பெரிய ஓட்டக்காரனாக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே இல்லை. அப்பாவோடு ஓடுவது அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பதே எங்களுக்கு நிறைவாக இருக்கிறது.

கோரிமேட்டு அண்ணா, உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுக்க விரும்பியது ஏற்கெனவே அவளைச் சேர்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மட்டை பிடிப்பவர்கள் மட்டும்தானா கிரிக்கெட்டை நேசிக்கிறார்கள்? ஆறு பந்தையும் விடாமல் கவனிக்கும் குழந்தைக்கு ஆட்டத்தின்மீது ஆசை இல்லையென்று யார் சொல்ல முடியும்?

எலும்பியல் பிசியோ:

பிசியோதெரபி செய்கிறவள் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்களாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. ஐந்து வயதுக்குமேல் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள். கட்டிலுக்கடியில் தவழ்ந்து பந்தெடுக்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் ஆடும் பிள்ளைகள் முழங்கால், குதிகால், கீழ்முதுகு வலியோடு எங்களிடம் வருகிறார்கள். வளரும் எலும்பின் ஓரத்தில் இருக்கும் குருத்துப் பகுதி, திரும்பத் திரும்ப ஒரே இழுவிசையைத் தாங்காது. வேகப்பந்து வீசும் பதின்வயதினருக்குக் கீழ்முதுகில் ஏற்படும் விரிசலுக்கு அளவுமீறிய பந்துவீச்சு முக்கியக் காரணம். குழந்தையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்குமேல் முறைப்படுத்திய பயிற்சி வேண்டாம் என்பதும், வாரத்தில் ஓரிரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பதும் விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் காலை எட்டுக்குமேல், மாலை ஐந்துக்குமுன் சிறுகுழந்தைகளைத் திறந்தவெளியில் ஓடவிடாதீர்கள். பெரியவர்களைவிட அவர்கள் உடம்பில் சூடு விரைவாக ஏறும். தாகத்தை அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள்.

அம்மாபேட்டை அம்மா:

செவ்வாய்ப்பேட்டை ஐயா சதுரங்கத்தைச் சொன்னதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். வைஷாலியைச் சதுரங்கத்தில் சேர்த்ததே தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் குறைப்பதற்காகத்தான் என்று அவருடைய தந்தை சொல்லியிருக்கிறார். அக்காள் ஆடுவதைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். உலகிலேயே இருவரும் கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்காள் தம்பி அவர்கள்தாம். அங்கேயும் தொடக்கம் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

நான் எழுத வந்தது வேறொன்று. இந்த இழையில் மகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. நான் பள்ளியில் கோகோ ஆடியவள். பருவம் எய்தியதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதை யாரும் ஒரு இழப்பாகக்கூட எண்ணவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. சென்ற ஆண்டு முதல் எங்கள் தெருப் பெண்கள் சிலர் மாலையில் ஒன்றுகூடி இறகுப்பந்து ஆடுகிறோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஓடுவதையும், தவறவிட்டால் அத்தைகள் எல்லோரும் சேர்ந்து சிரிப்பதையும் என் மகள் வாயிற்படியில் அமர்ந்து பார்க்கிறாள். ஆண்கள் ஆட, பெண்கள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற காட்சி மட்டுமே அவள் மனத்தில் பதியக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

2025 நவம்பர் 2ஆம் நாள் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 52 ஓட்ட வித்தியாசத்தில் வென்றபோது நள்ளிரவு ஆகிவிட்டது. மறுநாள் பள்ளி என்று தெரிந்தும் மகளை எழுப்பியே வைத்திருந்தேன். தீப்தி சர்மா ஐந்து விக்கெட் எடுத்ததைவிட, ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் கட்டியணைத்து அழுததுதான் அவளுக்குப் பெரிய வியப்பு. "ஜெயிச்சா ஏம்மா அழறாங்க?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன விடையைவிட, அவளோடு சேர்ந்து நானும் அழுதுகொண்டிருந்தது அவளுக்கு அதிகம் புரிந்திருக்கும்.

ஒரு வேண்டுகோள். எந்த மையத்தில் சேர்ப்பதானாலும் பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா, உடைமாற்ற இடம் இருக்கிறதா, பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே இருந்து பார்க்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

கோரிமேட்டுத் தந்தை:

எல்லோருக்கும் நன்றி. நானும் மனைவியும் சேர்ந்து ஒவ்வொரு பதிலையும் படித்தோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி பெரிய பந்தைக் குதிக்கவிட்டுப் போட்டுப் பார்த்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் செய்கிறாள். தூரத்தைக் குறைத்து இன்னும் மெதுவாகப் போட்டதும் திருப்பவில்லை. பந்து போதும் என்று நான் சொன்னபிறகும் விடவில்லை.

இன்னொரு கேள்வி. தெருப் பிள்ளைகளோடு ஆடும்போது தோற்றுவிட்டால் மகள் அழுகிறாள், ஆட்டத்தை விட்டு வந்துவிடுகிறாள். நான் அவளோடு ஆடும்போது வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கலாமா?

ஓமலூர் உடற்கல்வி ஆசிரியர்:

ஆறு வயதில் தோல்விக்கு அழுவது இயல்பு. அழட்டும், அழுது முடிந்ததும் தண்ணீர் கொடுத்து, அடுத்த ஆட்டத்துக்கு அழைத்துப் பாருங்கள். தொடர்ந்து தோற்றுக்கொடுத்தால் குழந்தை விரைவில் கண்டுபிடித்துவிடும். பிறகு உண்மையாக வென்றாலும் நம்பாது. அதைவிட ஆட்டத்தைச் சமனாக்குங்கள். நீங்கள் இடக்கையால் ஆடுங்கள். அவளுக்கு ஸ்டம்ப் ஒன்று, உங்களுக்கு மூன்று. அவள் ஓடவேண்டிய தூரம் உங்களுக்குரியதில் பாதி. அப்போது இருவருமே முழு மூச்சாக ஆடலாம், யார் வெல்வார் என்றும் தெரியாது. எதிரெதிராக ஆடாமல் ஒரே பக்கம் நின்று ஆடுவதும் நல்லது. பந்து கீழே விழாமல் இருவரும் எத்தனை முறை மாறி மாறிப் பிடிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணுவதில் உங்கள் மகளுக்கு விருப்பம் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நார்வே நாட்டில் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆட்டங்களுக்குத் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை. 13 வயதுக்குமுன் தேசிய வாகையர் போட்டியும் கிடையாது. குழந்தைகள் தங்களுக்குள் ஓட்டங்களை எண்ணிக்கொள்வதை அங்கே யாரும் தடுப்பதில்லை. பெரியவர்கள் அதை எடுத்துப் பட்டியல் போட்டு ஒட்டுவதைத்தான் தடுத்திருக்கிறார்கள்.

நம் மாவட்டத்து உயரம் தாண்டும் வீரர் மாரியப்பனைப் பற்றியும் ஒரு சொல். பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலக்காலின் கீழ்ப்பகுதியில் நிரந்தரமாக அடிபட்ட குழந்தை. காய்கறி விற்று வளர்த்த தாய். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில், 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எங்கள் மாணவர்களிடம் நான் சொல்வது அந்தப் பதக்கங்களைக்கூட அல்ல. ஒரு பிள்ளை விரும்பி வாலிபால் ஆடுவதைக் கண்டு, அந்த விருப்பம் எங்கே மேலும் மலரும் என்று பார்த்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார் என்பதையே சொல்கிறேன். பெற்றோருக்கும் வேலை அதுதான். உங்கள் கிரிக்கெட் அவளுக்கு வாசலாக இருக்கலாம். அவள் உள்ளே போய் எங்கே நிற்பாள் என்பது அவள் விருப்பம்.

வாழப்பாடிக்காரன்:

எங்கள் பக்கத்தில் காட்டுவேப்பிலைப்பட்டி மைதானம் 2020 பிப்ரவரியில் ராகுல் திராவிட் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்டதும், அங்கே டிஎன்பிஎல் எனப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்டம் நடக்கும்போது மகளை ஒருமுறை அழைத்து வாருங்கள். முழு ஆட்டத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று மட்டும் உட்கார வைக்காதீர்கள். நான் என் தங்கை மகனை அழைத்துப் போனபோது, அவன் பந்துவீச்சையே பார்க்கவில்லை. எல்லைக் கயிற்றை இழுத்துச் சரிசெய்கிறவரையும், தண்ணீர்ப் புட்டிகளோடு உள்ளே ஓடும் பன்னிரண்டாவது ஆட்டக்காரரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வீட்டுக் கொல்லையில் தாம்புக்கயிற்றை வட்டமாகப் போட்டு எல்லை அமைத்தபிறகுதான் மட்டையையே கேட்டான்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்:

போட்டிக்காக ஒரே விளையாட்டில் சிறுவயதிலேயே இறக்குவது பற்றிப் பிசியோ அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நீச்சலை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று மீண்டும் வற்புறுத்துகிறேன். கிணறும் ஏரியும் காவிரியும் மேட்டூர் அணையும் உள்ள மாவட்டம் இது. விடுமுறை வந்தாலே பிள்ளைகள் நீரில் மூழ்கிய செய்தி வராமல் இருப்பதில்லை. உலக அளவிலும் சிறுவர் இறப்புக்கு நீரில் மூழ்குதல் முக்கியக் காரணங்களுள் ஒன்று. பதக்கத்துக்காக அல்ல, உயிருக்காகவே கற்றுக்கொடுங்கள்.

எலும்பியல் பிசியோ:

நீச்சல் பற்றி ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நீந்தத் தெரிந்தபிறகும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கோரிமேட்டுத் தந்தை:

நாங்கள் முடிவு செய்ததை எழுதிவிடுகிறேன். கிரிக்கெட் பயிற்சி மையம் இப்போது வேண்டாம்; மகளாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பில் சேர்க்கிறோம். அம்மாபேட்டை அம்மா சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டபிறகே பணம் கட்டுவோம். என் மனைவி கல்லூரியில் வாலிபால் ஆடியவர் என்பது மகளுக்கு இதுவரை தெரியாது, பழைய அணிப் படத்தை எடுத்துக் காட்டியதும், "அம்மா, உன் நம்பர் என்ன?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. வாலிபால் ஒன்று வாங்கப் போகிறோம். குழந்தைகளும் தொடும்படியாக எடை குறைந்த பந்து சேலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மகனுக்கும் அதையே கொடுக்கலாமா, அல்லது அவனுக்குத் துணிப்பந்தே போதுமா?

ஓமலூர் உடற்கல்வி ஆசிரியர்:

மகனுக்குத் துணிப்பந்து போதும். பழைய காலுறைக்குள் கந்தல் துணியைத் திணித்து நீங்களே தைத்துவிடலாம். விரல் பதியும்படி தளர்வாகத் தையுங்கள், இறுக்கினால் நழுவும். மகளுக்குக் கடற்கரையில் ஊதி ஆடும் பெரிய காற்றுப் பந்திலிருந்து தொடங்குங்கள். மெதுவாக இறங்குவதால் அடியில் போய் நிற்க அவளுக்கு நேரம் கிடைக்கும். வாசலில் மார்பு உயரத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி, அம்மாவை ஒரு பக்கமும் மகளை மறுபக்கமும் நிற்கச் சொல்லுங்கள். ஸ்கோரை நீங்கள் எழுதுங்கள்.